நிக்கானை விட்ட அறிவுச்செல்வி

கேமராவைக் கையில் தொடுவதற்கு முன்பே லென்ஸ்களைப் பற்றி முழுக்கத் தெரிந்துகொண்டவள் அறிவுச்செல்வி. திண்டுக்கல்லில் சேவியர் நடத்திய ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலைக்கு அவள் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படங்கள் அவளுடைய கம்ப்யூட்டருக்கு வந்து விழும். ஒவ்வொரு படத்தோடும் அது எந்தக் கேமராவில், எந்த லென்ஸில், எவ்வளவு வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரமும் ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மற்றவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். செல்வி பார்த்தாள். ஐந்தாறு வருஷத்தில், விவரத்தைத் திறக்காமலே, படத்தின் பின்னணி கரைந்திருக்கும் விதத்தை வைத்து, "இது எம்பத்தஞ்சு எம்எம் லென்ஸுல எடுத்தது, அது கேமராவோடயே வர்ற கிட் லென்ஸு" என்று சொல்லிவிடுவாள்.

இன்னொன்றையும் அவள் பார்த்தாள். பெண் கறுப்பாக இருந்தால் படமெடுக்கிறவர்கள் ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்தார்கள். சரிகை வெளுத்து, பூ வெளுத்து, முகம் மட்டும் சாம்பல் பூசியதுபோல் வந்து நிற்கும். அதை இழைத்து இழைத்து இன்னும் வெளுப்பாக்கித் தருவது அவளுடைய வேலை. அவளும் கறுப்புதான். அவளுடைய கல்யாண ஆல்பத்தில் அந்தோணிமுத்துவுக்குப் பக்கத்தில் மாலையோடு நிற்பது யாரென்று அவளுக்கே சந்தேகமாக இருக்கும்.

அந்தோணிமுத்து பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறவன். மனைவி வீட்டுக்கு வந்தும் கேமரா, லென்ஸ் என்றே பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அவனாகவே ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஒருவன் விற்றுவிட்டுப் போன பழைய நிக்கான் டி 7000. கூடவே ஒரு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ்.

"இந்தா, இனிமே என்கிட்ட சொல்லாத, இதுகிட்ட சொல்லு" என்றான்.

செல்வி தெருவில் இருந்த பெண்களைப் படமெடுத்தாள். பிறகு வளைகாப்பு, சடங்கு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸும் வாங்கினாள். அவள் ஃபிளாஷ் போடுவதில்லை. பெண்ணை வாசலோரமோ ஜன்னலோரமோ உட்காரவைத்து, பூவும் சரிகையும் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இருட்டுப் பகுதியை மட்டும் மெதுவாகத் தூக்குவாள். முகம் தன் நிறத்திலேயே மினுங்கிக்கொண்டு மேலே வரும். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுச் சடங்கில், நல்ல கறுப்பாக இருந்த ஒரு பெண்ணை அப்படி எடுத்திருந்தாள். படத்தைப் பார்த்த அந்தப் பெண்ணின் தாய் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "ஏத்தா, எம்மக எம்மகளாவே இருக்காளே" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தப் படத்தைச் சேவியரும் பார்த்தார். கேட்காமலே பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டினார். கீழே ஸ்டூடியோவின் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. செல்விக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நின்று பார்த்துவிட்டுப் போனாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

2016இல் அவள் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறுவது என்று முடிவெடுத்தாள். கையில் இருந்தது சின்ன சென்சார் கேமரா. மண்டப வெளிச்சத்துக்கும் கோயில் வெளிச்சத்துக்கும் அது திணறியது. எதை வாங்குவது என்பதில் அவளுக்கு முதலில் குழப்பமே இல்லை. நிக்கானில் டி 750. கையில் இருக்கும் இரண்டு லென்ஸும் அதில் அப்படியே உட்காரும். ஆனாலும் ஆறு மாதம் யோசித்தாள். தெரிந்தவர் ஒருவரிடம் டி 750 இருந்தது. ஸ்டூடியோவில் கேனான் ஃபைவ் டி மார்க் த்ரீ இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் இரவல் வாங்கி, தன் வீட்டு அடுப்படி வாசலில் அந்தோணிமுத்துவை நிற்கவைத்து, ஒரே இடத்திலிருந்து மாற்றி மாற்றி எடுத்தாள். அவன் பொறுமையாக நின்றான். "மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பும், இங்கிட்டுத் திருப்பும்" என்று அவள் சொன்னதுக்கெல்லாம் திருப்பினான்.

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். கேனானில் தோலின் நிறம் எடுத்தவுடனே அழகாக இருந்தது. அதில் அவளுக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இருட்டைத் தூக்கும்போது, அவள் கண்ணுக்கு, நிக்கான் படம்தான் சுத்தமாக இருந்தது. அந்தோணிமுத்துவின் கன்னத்து மேடும், அதற்குப் பின்னால் அடுப்படி மூலையில் இருந்த குடமும் தனித்தனியாகத் தெரிந்தன. கேனான் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிப் புள்ளியாக ஏறியது. வேறு ஊரில், வேறு நிறத்து மனிதர்களை எடுக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அவளுக்கு அதுதான் எல்லாம்.

இதைச் சேவியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"செல்வி, நீ படத்தைப் பாக்குற. நான் தொழிலைப் பாக்குறேன். திண்டுக்கல்லுல பத்துப் பேர்ல எட்டுப் பேரு கேனான். ஒரு லென்ஸு ரிப்பேர்னா பக்கத்துக் கடையில இரவல் கிடைக்கும். நிக்கானை வச்சுக்கிட்டு யாருகிட்டப் போயி நிப்ப?"

"லென்ஸ் நானே வாங்கிக்கிருவேன்ணே, மெல்ல மெல்ல."

"எதுக்கு வாங்கணும்? நம்மகிட்ட இருபத்திநாலு-எழுபது இருக்கு, எழுபது-இருநூறு இருக்கு. அம்புட்டும் கேனான்ல மட்டும் உக்காருற மவுண்ட்டு. நீ லென்ஸ் இல்லாம கேமரா பாடி மட்டும் வாங்கு. நம்ம ஸ்டூடியோ ஆர்டர் எல்லாத்துக்கும், போஸ் குடுக்காம இயல்பா எடுக்குற கேண்டிட் படத்துக்கு நீதான். உன் சொந்த ஆர்டருக்கும் எடுத்துக்கிட்டுப் போ. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

எழுபது-இருநூறு என்பது நீளமான லென்ஸ். தூரத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து தரும். இருட்டிலும் வேலை செய்யும் நல்ல ரகத்தைச் சொந்தமாக வாங்க வேண்டுமென்றால், அந்தோணிமுத்துவின் சம்பளத்துக்கும் அவள் சம்பளத்துக்கும் அது நடக்காத காரியம். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "உனக்கு எது பிடிச்சிருக்கு?"

"நிக்கான்."

"அப்ப அத வாங்கு."

கொஞ்சம் பொறுத்து அவனே, "தனியா நின்னுக்கிருவியா?" என்றான்.

கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம் தூங்காமல் புரண்டாள். பிறகு கேனானை வாங்கினாள். கூடவே கேனானில் சாதாரண ஐம்பது ஒன்று. பழைய நிக்கானையும் அதன் இரண்டு லென்ஸ்களையும் வடமதுரையிலிருந்து வந்த செழியன் என்ற பையன் வாங்கிக்கொண்டு போனான். அப்போதுதான் படமெடுக்க ஆரம்பித்திருந்தவன். எண்பத்தைந்தை மாட்டி, கண்ணில் வைத்து, வாசலில் போன மாட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதப் போயி குடுக்குறீங்களே!" என்றான். செல்விக்கு அவனை அறையலாம்போல் இருந்தது.

முதல் வருஷம் சேவியர் சொன்ன சொல் தவறவில்லை. ஸ்டூடியோ ஆர்டருக்கெல்லாம் அவளை அனுப்பினார். பழனி, ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் என்று போய்வந்தாள். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. இருட்டைத் தூக்க முடியாத இடத்தில் வெளிச்சத்தைத் தேடிப் பிடித்தாள். கேனானின் குணத்துக்குத் தன் கையைப் பழக்கிக்கொண்டாள். அவள் தோற்கவில்லை. தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, வேறு வழி பார்த்திருப்பாள்.

அவளுக்கென்று ஓர் ஆர்டர் வந்தால்தான் வினை. அன்றைக்கென்று பார்த்து எழுபது-இருநூறு வேறு யாரிடமாவது இருக்கும். "அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்பார் சேவியர். முன்னாடியே சொல்லியிருப்பாள். அடுத்த தடவை, "கிளீனிங்குக்குப் போயிருக்கு" என்பார். அதற்கடுத்த தடவை கொடுப்பார், காலையில் ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்பார். ஸ்டூடியோ வேலைக்கு மட்டும் அதே லென்ஸ் துடைத்துப் பளபளவென்று மேஜையில் தயாராக இருக்கும். இரண்டு வருஷத்தில் அவளைத் தேடி வந்த பெண்கள் அவளை விட்டு ஸ்டூடியோவையே தேடி வரத் தொடங்கினார்கள். எப்படியும் வரப்போவது செல்விதானே என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். சேவியர் சத்தம்போட்டு ஒருநாளும் பேசியவர் இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். அதனால் கோபப்படவும் அவளுக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

2018 மே மாதம் அவளுடைய அக்கா ஆரோக்கியமேரியின் மகள் தமிழ்மதிக்குக் கல்யாணம். அக்காவைக் கொடுத்திருந்தது நத்தம் பக்கம், புளியந்தோப்புக்காரர் வீட்டில். தமிழ்மதி சித்தியின் கறுப்பு. சித்தியின் மூக்கும்கூட. "எங்கல்யாணத்துக்கு நீதான் சித்தி எடுக்கணும். வேற யாரு எடுத்தாலும் என்னைய வெள்ளையடிச்சுருவாங்க" என்று ஸ்கூல் படிக்கும்போதே சொல்லிவைத்த பெண்.

ஊர் மாதா கோயிலில் பங்குச் சாமியார் கண்டிப்பானவர். பூசை நடக்கும்போது ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, பீடத்துக்கு முன்னாலிருக்கும் கம்பித் தடுப்பைத் தாண்டி எந்தப் படக்காரரும் வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியென்றால் எழுபது-இருநூறு இல்லாமல் தாலி கட்டுவதை எடுக்கவே முடியாது. செல்வி ஒரு மாதத்துக்கு முன்பே சேவியரிடம் சொன்னாள். ஒரு வாரத்துக்கு முன்பு நினைவுபடுத்தினாள். முந்தின நாளும் கேட்டாள்.

"உங்க வீட்டுக் கல்யாணம், எங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி. காலையில வந்து எடுத்துக்கிட்டுப் போத்தா" என்றார்.

காலையில் ஸ்டூடியோவில் லென்ஸ் இல்லை. திருச்சி சாலையில் ஒரு பெரிய மண்டபக் கல்யாணத்துக்கு விடியும்போதே போய்விட்டிருந்தது. சேவியருக்குப் போன் போட்டாள்.

"லென்ஸு எங்கண்ணே?"

"செல்வி, கடைசி நேரத்துல பெரிய இடத்து ஆர்டர் வந்துருச்சு. என்ன பண்ணச் சொல்ற? உங்க அக்கா மகதானே, கோவிச்சுக்க மாட்டாங்க. ஐம்பதுலயே அழகா எடுப்ப நீ. உன் கைக்கு லென்ஸா முக்கியம்?"

அவள் பஸ் ஏறி நத்தம் போனாள். கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் கூட்டிவந்த படக்காரர் ஏற்கெனவே தடுப்போரம் இடம் பிடித்து நின்றுகொண்டிருந்தார். அவர் திரும்பியபோது பார்த்தால், செழியன். மீசை அடர்ந்து ஆளே மாறியிருந்தான். கையில் ஒரு டி 750, அதில் நிக்கானின் எழுபது-இருநூறு.

"அக்கா! உங்க வீட்டுக் கல்யாணமா?" என்று சந்தோஷமாகக் கேட்டான். அவளுடைய கேமராவில் இருந்த குட்டி லென்ஸைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "இத வச்சு இங்கிருந்து எடுக்க முடியாதேக்கா."

"தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும் உன் லென்ஸக் குடுக்கிறியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. செழியன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "குடுத்துருவேன்க்கா. உங்க பாடியில உக்காராதே."

உட்காராது. கேனானின் வாய் வேறு, நிக்கானின் லென்ஸ் அடி வேறு. இது அவனுக்குத் தெரிவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அவளுக்குத் தெரியும். "என் கேமராவையே பிடிங்க, எடுங்க" என்று கழுத்திலிருந்து கழற்றி நீட்டினான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "தம்பி, ஒன்னையத்தான கூட்டிட்டு வந்தோம்" என்று அதட்டினார். செல்வி கையை இழுத்துக்கொண்டாள்.

தமிழ்மதி தாலி கட்டிக்கொள்ளும்போது ஒரு முறை நிமிர்ந்து சித்தி எங்கே என்று தேடினாள். ஐம்பது லென்ஸில் அது கூட்டமும் தூணும் மின்விசிறியுமாக விழுந்தது. நடுவில் நகத்தளவுக்கு ஒரு முகம். அதை வெட்டிப் பெரிதாக்கினால் ஒன்றும் மிஞ்சாது. செழியன் எடுத்ததில் முகம் முழுதாக இருந்தது. தன் நிறத்தில் இருந்தது. அந்தப் படத்தைத்தான் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள்.

படங்களைக் கொடுக்கப் போனபோது ஆரோக்கியமேரி நேராகவே கேட்டாள். "ஊருக்கெல்லாம் எடுக்குற, ஒங்க அக்கா மகளுக்குத்தான் எடுக்க வரல. என்னடி?"

செல்வி லென்ஸ் கதையைச் சொன்னாள். அக்கா முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இரவல் சேலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்சவ கத மாதிரியில்ல இருக்கு" என்றாள். தமிழ்மதி பக்கத்தில் நின்றாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு செல்வி சேவியரை விட்டு விலகியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். விலகவில்லை. மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பூ மார்க்கெட் சம்பளம் மட்டும் போதாது. சண்டை போடுவதற்கான வார்த்தைகளைக் குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் கோத்துக்கொண்டே இருப்பாள். ஸ்டூடியோப் படி ஏறியதும், "என்னண்ணே, இன்னைக்கு எங்க?" என்றுதான் வாயில் வரும். இப்படியே மேலும் மூன்று நான்கு வருஷம் ஓடியது. நடுவில் கொரோனா வந்து கல்யாணங்கள் ஐம்பது பேரோடு நடந்து முடிந்தன.

ஊரடங்கெல்லாம் தீர்ந்து 2022 ஆவணியில் ஸ்டூடியோவுக்குப் போனபோது, லென்ஸ் அலமாரி காலியாக இருந்தது. மேஜையில், உள்ளே கண்ணாடி இல்லாத புது ரகமான சோனி மிரர்லெஸ் கேமரா இரண்டு, அவற்றுக்கான புது லென்ஸ்கள். பெட்டிகள்கூட இன்னும் பிரித்தபடி கிடந்தன.

"பழசு எல்லாத்தையும் ஒரு வியாபாரிகிட்டத் தள்ளிட்டேன்" என்றார் சேவியர். "இனிமே எல்லாம் இதுதான் செல்வி. கல்யாண வீட்டுல எடுத்த எடுப்புல மிரர்லெஸ்ஸான்னுதான் கேக்குறாங்க. நீயும் ஒரு பாடி வாங்கிரு. லென்ஸு நம்மகிட்ட இருக்கு."

லென்ஸ் நம்மகிட்ட இருக்கு. அதே வார்த்தை, அதே குரல். செல்விக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

"என் கேமரா என்னண்ணே ஆகுறது?"

"வித்துரு."

"யாரு வாங்குவா? நீங்க சொல்லித்தானே இத வாங்குனேன்? எனக்கு நிக்கான்தான் வேணும்னு வந்து நின்னேன். படத்தோட கொண்டாந்து காட்டினேன். நீங்க சொன்னீங்கன்னுதானே விட்டேன்?"

சேவியர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்போல் இருந்தது. "நான் சொன்னா? உனக்குக் கண்ணில்லையா? இந்த ஊர்லயே படத்தப் பாத்து லென்ஸ் சொல்றவ நீ. நான் ஆயிரம் சொல்லுவேன். ஒம்புத்தி எங்க போச்சு?"

ஆறு வருஷமாகக் கோத்துவைத்திருந்த அத்தனை வார்த்தைக்கும் நடுவில் இந்தக் கேள்விக்கு மட்டும் ஒன்றும் இல்லை. படியிறங்கி வந்தாள். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. சேவியரும் கூப்பிடவில்லை.

ஊரெல்லாம் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதும் பழைய லென்ஸ்கள் சந்தைக்கு வந்து குவிந்தன. ஒருகாலத்தில் கெஞ்சி வாங்கிய அதே ரகத்துக் கேனான் எழுபது-இருநூறு மதுரையில் ஒரு கடையில் சல்லிசாகக் கிடைத்தது. அந்தோணிமுத்து கூடவே வந்து வாங்கித் தந்தான். கண்ணாடியில் கீறல் இல்லை, நல்ல லென்ஸ். அதை வைத்து அவள் அந்த வருஷம் எடுத்தது நான்கு விசேஷங்கள். மறுவருஷம் இரண்டு. குஜிலியம்பாறைக் காடுகளில்கூட இப்போது மாமன் மகன், அத்தை மகன் என்று யாராவது போனிலேயே ரீல்ஸ் எடுத்துவிடுகிறார்கள். அவள் வேறு ஸ்டூடியோக்களுக்கு வீட்டிலிருந்தே ஆல்பம் வடிவமைத்துத் தருகிறாள். பத்தொன்பது வயதில் செய்த அதே வேலை. படத்தோடு வரும் விவரங்களை இப்போது அவள் திறப்பதில்லை.

போன தையில் தமிழ்மதியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சொல்ல வந்த ஆரோக்கியமேரி வாசலிலேயே அதையும் சொல்லிவிட்டாள். "படத்துக்குச் செழியன் தம்பியச் சொல்லிட்டோம். நீ சும்மா வந்து விருந்தாளியா உக்காரு."

"சரிக்கா" என்றாள் செல்வி. அக்கா கிளம்பிப் போனதும் அந்தோணிமுத்து, "எதுக்கும் கேமராவ எடுத்துட்டுப் போவமா?" என்று கேட்டான். அவள் அவன்மேல் எரிந்து விழுந்தாள். "ஒம்மள யாரு கேட்டா? அன்னைக்கும் நீருதான் கேட்டீரு, தனியா நின்னுக்கிருவியான்னு!" அவனுக்கு அப்படிக் கேட்டது ஞாபகமே இல்லை. விழித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். செழியன் புதுக் கேமராவோடு வந்திருந்தான். இப்போது அவனும் மிரர்லெஸ்தான். இவளைக் கண்டதும் ஓடிவந்து வணக்கம் சொன்னான். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் குழந்தையைக் கொண்டுவந்தபோது அந்த மூலை இருட்டாக இருந்தது. அவனோடு வர வேண்டிய ஆள் வரவில்லை. நாலாபக்கமும் பார்த்துவிட்டு அவளிடம் வந்து, குனிந்து, மெல்லக் கேட்டான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. செத்த நேரம் இந்த லைட்டப் பிடிக்கிறீங்களா? உங்களுக்குத்தான் எங்க பிடிக்கணும்னு தெரியும்."

செல்வி எழுந்து போய் விளக்கை வாங்கினாள். நேராகப் பிடிக்காமல் சுவரில் அடித்துத் திருப்பினாள். குழந்தையின் முகம் தன் நிறத்தோடு இருட்டிலிருந்து வெளியே வந்தது. செழியன் எடுத்துக்கொண்டே இருந்தான். அவள் அவனுடைய கேமராவின் திரைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சாமியார் முடித்ததும் விளக்கை அணைத்து அவன் கையில் கொடுத்தாள். பந்தியில் அக்கா கறியை அள்ளி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, மத்தியானப் பஸ்ஸில் திண்டுக்கல் திரும்பினாள்.